நாலு மணிக்கு எடுக்கும் முடிவு: மினசோட்டா கிராமப் பள்ளிகளின் குளிர்காலம்

ஜனவரியில், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் மேற்கில் ஏதாவது ஒரு சிற்றூரில் விடிகாலை நாலு மணிக்கு ஒரு பிக்கப் வண்டி சரளைச் சாலைகளில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தால், ஓட்டுபவர் அநேகமாக அந்த ஊர்ப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்தின் தலைமை அதிகாரியான கண்காணிப்பாளராக இருப்பார். பனி அகற்றும் வண்டி எந்தெந்தச் சாலையில் போயிருக்கிறது, மரவரிசை முடிந்து வயல் திறந்துகிடக்கும் இடங்களில் காற்று பனியை எவ்வளவு குவித்திருக்கிறது என்று அவர் கண்ணால் பார்த்தாக வேண்டும். அப்புறம் சில போன்கள்: கவுண்டியின் (மாநிலத்துக்குள் உள்ள நிர்வாகப் பகுதி) சாலைத் துறை ஆளுக்கு, பள்ளிப் பேருந்துகளின் பொறுப்பாளருக்கு, பக்கத்துப் பள்ளி மாவட்டங்களின் கண்காணிப்பாளர்களுக்கு. ஐந்தரைக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். வழக்கம்போல் பள்ளி, இரண்டு மணி நேரம் தாமதம், வீட்டிலிருந்தே பாடம், முழு விடுமுறை. இந்த நான்கில் ஒன்று. விடுமுறை விட்டு, பத்து மணிக்கு வெயில் அடித்தால் திட்டு. விடாமல் ஒரு பேருந்து பள்ளத்தில் இறங்கினால் அதைவிடப் பெரிய திட்டு.

இந்த முடிவை மாநில அரசு எடுப்பதில்லை என்பது வெளியாட்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். கலெக்டர் போன்ற ஓர் அதிகாரியும் கிடையாது. ஆளுநர் தலையிட்ட நாட்கள் மிகக் குறைவு. 1996 பிப்ரவரி 2 அன்று வடக்கே டவர் என்ற ஊரில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 51 டிகிரி செல்சியஸுக்குப் போனபோது ஆளுநர் ஆர்னி கார்ல்சன் மாநிலம் முழுக்கப் பள்ளிகளை மூடினார். 2014 ஜனவரி 6 அன்று மார்க் டேட்டன் மூடினார். 1997-க்குப் பிறகு அப்படி ஒரு உத்தரவு வந்தது அதுதான் முதல் தடவை. மற்ற நாட்களிலெல்லாம் பொறுப்பு உள்ளூரின் தலையில்தான்.

காரணம், பள்ளி மாவட்டம் என்பது அமெரிக்காவில் தனியாக ஓர் உள்ளாட்சி அமைப்பு. அதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் உண்டு. மினசோட்டாவில் பொதுவாக ஆறோ ஏழோ உறுப்பினர்கள். சொத்துவரி விதிக்கலாம், கடன்பத்திரம் வெளியிடலாம், ஆளை வேலைக்கு எடுக்கலாம், நீக்கலாம். அதன் எல்லை கவுண்டி எல்லையோடு ஒத்துப்போக வேண்டிய அவசியமில்லை. மூன்று கவுண்டிகளின் ஓரங்களைத் தொட்டுக்கொண்டு ஒரு பள்ளி மாவட்டம் இருக்கலாம். அப்படியென்றால் மூன்று கவுண்டிகளின் பனி அகற்றும் வண்டிகள் எப்போது எங்கே வருகின்றன என்பதைக் கண்காணிப்பாளர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பெயர்களைப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். கெர்கோவன்-மர்டாக்-சன்பர்க். பெல்கிரேட்-ப்ரூட்டன்-எல்ரோசா. டில்வொர்த்-கிளிண்டன்-ஃபெல்டன். ஒவ்வோர் ஊரும் ஒரு காலத்தில் தனக்கென்று ஒரு பள்ளியும் ஒரு கூடைப்பந்து அணியும் வைத்திருந்தது. பிள்ளைகள் குறையக் குறைய மாவட்டங்கள் சேர்ந்தன. சேர்ந்தபோது எந்த ஊரும் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது ஜெர்சியில் எழுத இடம் போதாமல் கே.எம்.எஸ்., பி.பி.ஈ. என்று சுருக்கிக்கொள்கிறார்கள்.

1940 வாக்கில் அமெரிக்கா முழுவதும் சுமார் 1 லட்சத்து 17 ஆயிரம் பள்ளி மாவட்டங்கள் இருந்தன. இன்று சுமார் 13 ஆயிரம். மினசோட்டாவில் மட்டும் ஆயிரக்கணக்கில் இருந்தவை இப்போது ஏறத்தாழ 330. அன்றைய மாவட்டங்களில் பெரும்பாலானவை ஒரே அறை, ஒரே ஆசிரியை, ஒரு நிலக்கரி அடுப்பு என்ற அளவில் இருந்தவை. பிள்ளைகள் இரண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து வந்தார்கள். இணைப்பினால் ஆய்வகம் வந்தது, இசை ஆசிரியர் வந்தார், தனித்தனி வகுப்புகள் வந்தன. கூடவே தூரமும் வந்தது. கிராமப் பள்ளியின் குளிர்காலத்தைப் புரிந்துகொள்ள பனியின் அளவைவிட இந்தத் தூரத்தைத்தான் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. பனி அன்றும் பெய்தது, இன்றும் பெய்கிறது. மாறியது பிள்ளைக்கும் பள்ளிக்கும் இடையிலான கிலோமீட்டர்.

நடந்து போன காலம் பாதுகாப்பானது என்று சொல்ல வரவில்லை. 1888 ஜனவரி 12 அன்று டகோட்டா, நெப்ராஸ்கா, தென்மேற்கு மினசோட்டா சமவெளிகளில் காலைப்பொழுது அந்தப் பருவத்துக்குப் பொருந்தாத இதத்தோடு விடிந்தது. பல நாள் கடுங்குளிருக்குப் பிறகு வந்த இதம் என்பதால் பிள்ளைகள் கனத்த மேலங்கியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனார்கள். பனிப்புயல் பல இடங்களில் சரியாகப் பள்ளி விடும் நேரத்தில், சில நிமிடங்களில், சுவர்போல் வந்து மோதியது. நீட்டிய கை தெரியாத வெண்மை. அதன் பின்னால் வேகமாகச் சரிந்த வெப்பநிலை. இறந்தவர்கள் 235 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் நிறையப் பேர் பள்ளியிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள். நெப்ராஸ்காவின் மிரா பள்ளத்தாக்கில், கூரை பிய்ந்துபோன பள்ளியிலிருந்து தன் மாணவர்களைப் பக்கத்துப் பண்ணை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த மின்னி ஃப்ரீமன் என்ற இளம் ஆசிரியை நாடெங்கும் புகழ்பெற்றார். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கயிற்றில் கட்டி அழைத்துப் போனார் என்பது கதை. கயிறு இருந்ததா இல்லையா என்று பிற்பாடு பெரிய சர்ச்சையே நடந்தது.

நடை போய் வண்டி வந்தபோது, முதலில் எது கிடைத்ததோ அதில் பிள்ளைகளை ஏற்றினார்கள். குதிரை வண்டி, லாரி, மரப்பெட்டி பொருத்திய ஏதோ ஒன்று. நெப்ராஸ்காவில் பிறந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் கிராமக் கல்விப் பேராசிரியராக இருந்த ஃப்ராங்க் சைர் 1939-ல் ஒரு மாநாட்டைக் கூட்டினார். பள்ளிப் பேருந்துக்கான பொதுத் தரங்கள் அங்கேதான் உருவாயின. மஞ்சள் நிறமும் அங்கேதான் முடிவானது. விடிகாலை, அந்தி நேரத்து மங்கிய வெளிச்சத்தில் அந்த மஞ்சளும் அதன்மேல் கறுப்பு எழுத்தும் தூரத்திலிருந்தே தெரியும் என்பதுதான் காரணம். நகரத்துச் சின்னமாக இன்று எல்லாரும் நினைக்கும் மஞ்சள் பேருந்து, கிராமப் பள்ளிகளை மனதில் வைத்துப் பிறந்தது.

அந்தப் பேருந்துக்குக் குளிரில் சில பலவீனங்கள் உண்டு. சாதாரண டீசலில் மெழுகு இருக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே பத்துப் பதினைந்து டிகிரி போனாலே அது கலங்கி, இன்னும் இறங்கினால் கூழாகி வடிகட்டியை அடைத்துவிடும். அதனால் குளிர்காலத்தில் லேசான வகை டீசலைக் கலந்து நிரப்புகிறார்கள். இரவு முழுக்க எஞ்சினுக்கு ஹீட்டர் செருகி வைக்க வேண்டும். ஒரு செருகி நழுவியிருந்தால் காலையில் ஒரு தடம் போச்சு. பேருந்து நின்றால் உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. வெப்பநிலை மைனஸ் 18, காற்று மணிக்கு 24 கிலோமீட்டர் என்றால் உடம்புக்கு அது மைனஸ் 28 போல் உறைக்கும்; மூடாத தோல் அரை மணி நேரத்தில் உறைந்துபோகலாம் என்கிறது அமெரிக்க தேசிய வானிலைச் சேவையின் அட்டவணை. காற்றோடு சேர்த்த குளிர் மைனஸ் 37-ஐ ஒட்டி இறங்கும்போது அந்த நேரம் பத்து நிமிடமாகச் சுருங்கிவிடும். பல மாவட்டங்கள் பள்ளியை மூட யோசிக்கத் தொடங்குவது ஏறத்தாழ இந்த அளவில்தான்.

மேற்கு எல்லையில் ரெட் ரிவர் சமவெளி மேசைப் பலகைபோல் தட்டை. அங்கே புதிதாகப் பனி பெய்யவே வேண்டாம். வானம் நீலமாக இருக்கும். ஏற்கெனவே தரையில் கிடக்கும் பனியைக் காற்று கிளப்பிவிட்டால் சாலை மறைந்துவிடும். 1996-97 குளிர்காலத்தில் அந்தப் பகுதியை எட்டுப் பனிப்புயல்கள் அடுத்தடுத்து அடித்தன. உள்ளூர் நாளிதழ் அகர வரிசையில் பெயர் வைத்துக்கொண்டே வந்து, ஏப்ரல் முதல் வாரத்தில் 'ஹன்னா'வில் முடித்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், வடக்கு டகோட்டாவின் ஃபார்கோவில் அந்தப் பருவத்தில் விழுந்த பனி 117 அங்குலம், அதாவது மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் கீழே. அப்படியொரு பருவத்தில் பள்ளி நாட்காட்டி என்ன கதியாகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பிள்ளைகள் பள்ளிக்குள் இருக்கும்போதே புயல் வந்துவிட்டால்? இதற்குச் சமவெளிக் கிராமங்கள் கண்டுபிடித்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. 'புயல் வீடு' என்பார்கள். பண்ணைகளிலிருந்து வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊருக்குள் நடந்துபோகும் தூரத்தில் ஒரு வீடு ஒதுக்கப்படும். பேருந்து ஓட முடியாத நாளில் பிள்ளை அங்கே போய் இரவு தங்கிக்கொள்ளும். சிலருக்குத் தாத்தா பாட்டி வீடாகவே அமைந்துவிடும். சிலருக்கு அம்மாவின் சர்ச் தோழி வீடு. வேறு சிலருக்கு வருஷம் முழுக்க ஒரு தடவைகூடப் போகத் தேவைப்படாத, கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத ஒரு வீடு. செப்டம்பரில் நிரப்பும் சேர்க்கைப் படிவத்தில் இதற்கென்று ஒரு வரி இருக்கும். சில மாவட்டங்களின் படிவங்களில் இன்னும் இருக்கிறது. வானிலை முன்னறிவிப்பு துல்லியமாகிவிட்டதால் இப்போதெல்லாம் மதியமே பள்ளியை விட்டு எல்லாரையும் அனுப்பிவிடுகிறார்கள். அந்த வரியை நிரப்பும் பெற்றோருக்கு மட்டும், ஊருக்குள் தனக்கு யாரைத் தெரியும், யாரிடம் இதைக் கேட்கலாம் என்று யோசிக்கும் வேலை மிச்சம் இருக்கிறது. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு இது லேசான கேள்வி இல்லை.

வீட்டிலிருந்து பாடம் என்ற நான்காவது வழி சமீபத்தில் வந்தது. மினசோட்டா சட்டப்படி பெரும்பாலான வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 165 நாள் பள்ளி நடக்க வேண்டும். பனி விடுமுறை கூடினால் ஜூனில் ஈடுகட்ட வேண்டும். ஜூனில் பிள்ளைகளின் கை வயலுக்குத் தேவை. 2017-ல் வந்த சட்டம் ஆண்டுக்கு ஐந்து நாள்வரை வீட்டிலிருந்து பாடம் நடத்தி அதைப் பள்ளி நாளாகவே கணக்குக் காட்ட அனுமதித்தது. பள்ளி தொடங்கும் நேரத்துக்கு இரண்டு மணி முன்பாவது பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும், இணையம் இல்லாத பிள்ளைக்கு மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும் என்பவை நிபந்தனைகள். கோவிட் காலம் மடிக்கணினிகளையும் பழக்கத்தையும் கொடுத்துவிட்டதால் இது வேகமாகப் பரவியது.

நிர்வாகத்துக்கு இது வசதிதான். எனக்கு முழு உடன்பாடு இல்லை. பால் பண்ணையில் நாலரை மணிக்கே மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடும் பெற்றோர், ஏழு வயதுப் பிள்ளையைத் திரையின் முன் யார் உட்கார வைப்பது என்று கேட்பார்கள். வில்மாரில் வான்கோழி ஆலை, வொர்த்திங்டனில் பன்றி இறைச்சி ஆலை. அங்கெல்லாம் புயலென்றாலும் ஷிப்ட் உண்டு. சாப்பாடு இன்னொன்று. 2023-24 கல்வியாண்டு முதல் மினசோட்டாவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியில் காலை உணவும் மதிய உணவும் இலவசம். கணக்குப் பாடம் கம்பி வழியாக வீட்டுக்கு வந்துவிடும், சாப்பாடு வராது.

பள்ளி மூடினால் பாடம் மட்டும் நிற்பதில்லை என்பதைப் புரிந்துகொள்ள ஒரு குளிர்கால வாரத்தைப் பார்க்கலாம். ஊரில் கடைத்தெருவென்று பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. ஒரு பெட்ரோல் நிலையம், தானியக் கிடங்கு, ஒரு பார், இரண்டு லுத்தரன் சர்ச். நவம்பரிலிருந்து மார்ச் வரை எல்லாரும் ஒன்றாக உட்காரக்கூடிய, சூடேற்றிய பெரிய கூரை ஒன்றுதான்: பள்ளியின் ஜிம். காலையில் மணி அடிக்கும் முன் வயதானவர்கள் பள்ளியின் தாழ்வாரங்களில் நடைப்பயிற்சி போகிறார்கள். வெளியே வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வதைவிட அது மேல். டிசம்பரில் சின்னப் பிள்ளைகளின் இசை நிகழ்ச்சிக்கு, பள்ளியில் படிக்கும் பிள்ளை இல்லாதவர்களும் வந்து உட்காருவார்கள். செவ்வாய், வெள்ளி மாலைகளில் கூடைப்பந்து. புதன் மாலை பெரும்பாலான கிராமப் பள்ளிகளில் எதுவும் வைக்க மாட்டார்கள். அது சர்ச்சுக்கு என்று எழுதாத ஒப்பந்தம்.

வெள்ளிக்கிழமை ஆட்டத்தின்போது ஜிம் வாசலில் சிற்றுண்டிக் கடை போடுவார்கள். பெற்றோர் சங்கமோ, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களோ நடத்துவது. அங்கே அதிகம் விற்பது 'வாக்கிங் டாக்கோ': சின்ன சோளச் சிப்ஸ் பாக்கெட்டைப் பக்கவாட்டில் கிழித்து, உள்ளேயே கொத்துக்கறியும் சீஸும் அள்ளிப் போட்டு, பிளாஸ்டிக் முள்கரண்டியைக் குத்திக் கொடுத்துவிடுவார்கள். தட்டு வேண்டாம், கழுவ வேண்டாம், கையுறையோடு பிடித்துக்கொள்ளலாம். அதில் வரும் காசில்தான் இசைக்குழுப் பயணத்துக்கோ புதிய சீருடைக்கோ பணம் சேர்கிறது. பனிப்புயலால் இரண்டு வெள்ளி ஆட்டம் தள்ளிப்போனால் அந்தப் பணமும் தள்ளிப்போகும்.

கூடைப்பந்து இவ்வளவு பெரிதானதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1960 மார்ச்சில், ஆயிரம் பேர்கூட இல்லாத எட்கர்ட்டன் என்ற தென்மேற்கு ஊரின் பையன்கள், பெரிய நகரப் பள்ளிகளோடு ஒரே போட்டியில் மோதி, இறுதி ஆட்டத்தில் அதே மாநிலத்தின் ஆஸ்டின் நகர அணியை வென்று மாநிலக் கோப்பையைத் தூக்கினார்கள். அப்போது பெரிய பள்ளி, சின்னப் பள்ளி என்ற பிரிவு கிடையாது. 1971-ல் இரண்டாகப் பிரித்தார்கள். இப்போது நான்கு பிரிவுகள். நியாயமான ஏற்பாடுதான், ஆனால் எட்கர்ட்டன் இனி நடக்காது. இன்றைய சின்னப் பள்ளிகளுக்கு அணி திரட்டவே ஆள் போதவில்லை. பக்கத்து மாவட்டத்தோடு சேர்ந்து ஒரே அணி வைத்துக்கொள்கிறார்கள். முதலில் மல்யுத்தம், அப்புறம் அமெரிக்கக் கால்பந்து, கடைசியில் கூடைப்பந்து. இணைப்புப் பேச்சு எங்கே தொடங்கும் என்று தெரிந்துகொள்ள வாரியத்தின் தீர்மானங்களைவிட அணிகளின் பட்டியலைப் பார்ப்பது நல்லது.

வாரியத்தின் குளிர்காலத்துக்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. டிசம்பரில் அடுத்த ஆண்டுக்கான வரியை மக்கள் முன் விளக்கிக் கூட்டம் போட வேண்டும். ஜனவரி முதல் கூட்டத்தில் தலைவரைத் தேர்ந்தெடுத்து, எந்த வங்கி, எந்த அதிகாரபூர்வ நாளேடு அல்லது வாரப் பத்திரிகை என்று தீர்மானிப்பார்கள். வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்பு அந்தப் பத்திரிகையில் வெளியாக வேண்டும் என்பது சட்டம். நன்கொடையைக்கூடத் தீர்மானம் போட்டுத்தான் ஏற்க வேண்டும் என்பதால், மல்யுத்த விரிப்புக்கு யார் எவ்வளவு கொடுத்தார், எந்த ஆசிரியர் ராஜினாமா செய்தார் என்பதெல்லாம் பொடி எழுத்தில் வந்துவிடும். ஊர் நடப்புக்கு அதைவிட நம்பகமான செய்தி வேறில்லை.

பணம் பிள்ளைகளின் தலையை எண்ணி வருகிறது. 2024-25-ல் மாநிலம் ஒரு மாணவருக்குக் கொடுத்த அடிப்படை நிதி 7,281 டாலர். மாணவர் எந்த மாவட்டத்தில் வேண்டுமானாலும் சேரலாம் என்று 1988-ல் நாட்டிலேயே முதலில் சட்டம் கொண்டுவந்ததும் மினசோட்டாதான்; ஆகவே ஒரு குடும்பம் மூன்று பிள்ளைகளைப் பக்கத்து மாவட்டத்துக்கு மாற்றினால், பணமும் கூடவே போய்விடும். ஆனால் பேருந்து அதே தடத்தில் ஓடியாக வேண்டும், கொதிகலன் அதே அளவு எரிந்தாக வேண்டும்.

கட்டடத்துக்குக் கடன் வாங்க மக்கள் வாக்கு வேண்டும். அதற்குச் சட்டம் அனுமதிக்கும் தேதிகளில் பிப்ரவரியின் இரண்டாம் செவ்வாயும் ஒன்று. ஓய்வுபெற்றவர்களில் பலர் அரிசோனாவின் வெயிலில் இருக்கும் மாதம் அது. அவர்கள் தபாலில் வாக்களிக்கலாம், நிறையப் பேர் வாக்களிக்கவும் செய்கிறார்கள். சண்டை எப்போதும் நிலத்தில்தான். வரி சொத்தின் மதிப்பை வைத்து வருவதால், ஆயிரம் ஏக்கர் வைத்திருக்கும் ஒரு விவசாயி ஊருக்குள் வீடு வைத்திருக்கும் பலரின் பங்கைத் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும். அவருக்கும் ஒரே வாக்குதான். இதைத் தணிக்க 2017-ல் மாநிலம் ஒரு வரிச் சலுகை கொண்டுவந்தது. பள்ளிக் கட்டடக் கடனுக்காக விவசாய நிலத்தின்மேல் விழும் வரியில் முதலில் 40 சதவீதத்தை மாநிலமே ஏற்றது. 2023-ல் அது 70 சதவீதமானது.

வொர்த்திங்டனில் 2017-ன் அந்தச் சலுகை வந்த பிறகும் கட்டடக் கடனுக்கு வாக்கு லேசில் கிடைக்கவில்லை. இறைச்சி ஆலை வேலைக்கு வந்த குடியேறிகளின் பிள்ளைகளால் பள்ளி நிரம்பி வழிந்தது. கிராமங்கள் பிள்ளை இல்லாமல் மூடிக்கொண்டிருந்த அதே மாநிலத்தில், இங்கே இடம் போதவில்லை. 2013 தொடங்கி ஐந்து தடவை கட்டடக் கடன் வாக்கெடுப்பில் தோற்றது. வரியின்மேல் வெறுப்பா, வந்தவர்கள்மேல் வெறுப்பா என்று ஊரே பிரிந்து வாதாடியது. 2019 நவம்பரில், மிகக் குறைந்த வித்தியாசத்தில், ஒருவழியாக நிறைவேறியது.

பிள்ளைகள் குறைந்துவரும் மாவட்டத்தில் கடன் வாக்கெடுப்பு தோற்றால் வழி வேறு. பழைய கட்டடத்தை இன்னும் சில குளிர்காலம் ஓட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் பக்கத்து வாரியத்தோடு ஒரு கூட்டுக் கூட்டம். தொடக்கப் பள்ளி இந்த ஊரில், உயர்நிலைப் பள்ளி அந்த ஊரில் என்று பிரித்துக்கொள்வது வழக்கமான முதல் படி. பேருந்துத் தடங்களைத் திரும்ப வரைவார்கள். கடைக்கோடிப் பண்ணையின் பிள்ளை இன்னும் முன்னதாக, இருட்டிலேயே, வாசலுக்கு வந்து நிற்க வேண்டியிருக்கும். புதிய அணிக்கு என்ன சின்னம், என்ன நிறம் என்பதை அநேகமாக மாணவர்களின் வாக்குக்கு விட்டுவிடுவார்கள். உயர்நிலைப் பள்ளியும் அதன் ஜிம்மும் எந்த ஊரில் என்பதை மட்டும் பெரியவர்களே பேசிக்கொள்வார்கள், பெரும்பாலான பேச்சுவார்த்தைகள் உடைவதும் அங்கேதான்.